மர ரயில் செட்: எஞ்சினைப் பார்த்து வாங்காதீர்கள், பாதையைப் பார்த்து வாங்குங்கள்

விலை 2,450 ரூபாய். பேட்டரி எஞ்சின் தனி, அதற்கு 650. ஒரு பொம்மைக்கு மூவாயிரத்துச் சொச்சமா என்று வீட்டில் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். கோடை விடுமுறையில் வாங்கியது, இப்போது ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் முடிந்துவிட்டன, பெட்டி இன்னும் பரணுக்குப் போகவில்லை. ரிமோட் கார், பேசும் கரடி எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தாக்குப் பிடித்ததில்லை. அதனால் இதைப் பற்றி விவரமாக எழுதலாம் என்று தோன்றியது, வாங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

புதுச்சேரியில் மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கும் கடையில் வாங்கினேன். கடைக்காரர் முதலில் எடுத்துப் போட்டது பிளாஸ்டிக் செட். விளக்கு எரியும், புகை மாதிரி ஏதோ வரும், பாட்டு பாடும், பாதை மட்டும் ஒரே ஒரு வட்டம். அதைச் சுவிட்ச் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், குழந்தைக்கு அதில் வேலையே இல்லை. "இது வேகமா போகும் மேடம், பசங்களுக்கு இதான் பிடிக்கும்" என்றார். மரத்தில் இருக்கிறதா என்று கேட்டதும் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை இறக்கினார்.

பெட்டிக்குள்: வளைவுத் துண்டுகள் 12, மூன்று நீளங்களில் நேர்த் துண்டுகள், ஏற்ற இறக்கத்துக்கு இரண்டு துண்டுகள், ஒரு பாலம், பாதை இரண்டாகப் பிரியும் துண்டு இரண்டு, ஒன்றை ஒன்று வெட்டிப் போகும் கிராசிங் ஒன்று, தாங்கு கட்டைகள், தள்ளி ஓட்டும் எஞ்சின் ஒன்று, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பெட்டிகள் மூன்று. கூடவே மரம், மனுஷன், சிக்னல் என்று ஒரு கை நிறைய உதிரிகள், அவற்றைத் துண்டு எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவதற்காகப் போட்டிருக்கிறார்கள். அட்டையில் "56 துண்டுகள்" என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் பாதைத் துண்டுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள், அதுதான் நீங்கள் உண்மையில் வாங்குவது.

இந்த மாதிரி சக்கரம் ஓடப் பள்ளம் வெட்டிய மரப் பாதையைப் பிரபலமாக்கியது சுவீடனின் பிரியோ கம்பெனி, 1958-இல் தொடங்கினார்கள். இன்று பெயர் தெரியாத கம்பெனிகள் செய்யும் செட்டுகளும் பெரும்பாலும் அதே பள்ள அளவையும் அதே முளை-துளை இணைப்பையும் பின்பற்றுகின்றன, எனவே ஒன்றோடு ஒன்றைப் பூட்டலாம். அசல் பிரியோவின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். பொம்மை இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023-இல் 70 ஆகிவிட்டது. உள்ளூர்ச் செட்டு போதும். ஆனால் அட்டையில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். என் செட்டில் இருந்தது. பெயின்ட் வாசனை இல்லை, ஓரங்கள் நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள், சின்னவன் எஞ்சினை வாயில் வைத்தபோது சாயம் போகவில்லை.

பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து. பெட்டியைப் பிரித்ததும் உள்ளே இருந்த விளக்கத் தாளைச் சின்னவன் கப்பல் செய்துவிட்டான், பெரிய உபகாரம். படத்தைப் பார்த்துக் கட்டினால் அது ஒரு நாள் வேலை, பார்க்காமல் கட்டியதால்தான் இத்தனை மாதம் ஓடுகிறது.

முதல் விஷயம் வட்டம். எட்டு வளைவை ஒரே பக்கமாகப் பூட்டினால் வட்டம் மூடிக்கொள்ளும், ஒவ்வொன்றும் 45 பாகை, எட்டு சேர்ந்தால் 360. பெரியவளுக்குப் பாகை என்றால் என்னவென்று பள்ளியில் இன்னும் சொல்லித்தரவில்லை, ஆனால் "எட்டு திருப்பினா திரும்ப அதே பக்கம் பார்க்குது" என்று தானாகச் சொன்னாள், அதற்கு மேல் பாகையில் என்ன இருக்கிறது? ஏழோடு நிறுத்தினால் எவ்வளவு இழுத்தாலும் மூடாது. அப்புறம் ஒரு நேர்த் துண்டை ஒரு பக்கம் செருகினால் எதிர்ப்பக்கமும் ஒன்று வேண்டும், இல்லையென்றால் வாய் பிளந்து நிற்கும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, வாய் பிளந்து நிற்பதே சொல்லிக்கொடுத்துவிடும்.

கொஞ்ச நாளில் வட்டம் சலித்து, வளைந்து நெளிந்து போகும் பாதை வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். இங்கேதான் பெரியவள் ஒரு கணக்கைக் கண்டுபிடித்தாள், எனக்கே அது புதுசு. பாதை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் ஒரு சுற்று வந்து மூட வேண்டுமென்றால், இடப்பக்க வளைவிலிருந்து வலப்பக்க வளைவைக் கழித்தால் எப்போதும் எட்டுதான் வரும். ஒன்பது இடம், ஒன்று வலம். பத்து இடம், இரண்டு வலம். என்ன கோணல் மாணலாகக் கட்டினாலும் எட்டு. கணக்கு சரியாக வந்தும் சில சமயம் மூடாது, ஏனென்றால் திசை திரும்பினால் மட்டும் போதாது, இடத்துக்கும் வந்து சேர வேண்டும். அதற்குத்தான் நேர்த் துண்டுகள். திசை ஒன்று, தூரம் ஒன்று, இரண்டும் தனித்தனியாக மூட வேண்டும் என்பது மேல்வகுப்பில் வெக்டார் என்ற பெயரில் வந்து பிள்ளைகளைப் பயமுறுத்தும் சங்கதி.

அடுத்து நடுவில் கிராசிங்கைப் போட்டு ஆங்கில எட்டு மாதிரி கட்டினோம். ஒரு பக்கக் கண்ணிக்கு ஆறு வளைவு, மறுபக்கக் கண்ணிக்கு ஆறு, ஒன்று இடமாகச் சுற்றுகிறது, மற்றது வலமாக. கழித்தால் பூஜ்யம். "எட்டு வரணுமே, ஏன் வரலை?" என்று பெரியவள் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டாள். பாதை தன்னையே வெட்டினால் அந்தச் சட்டம் செல்லாது என்று நான் சொல்லிவிடலாம், சொல்லவில்லை. அவளாகவே எஞ்சினைக் கையால் தள்ளிக்கொண்டு போய், ஒரு கண்ணியில் இந்தப் பக்கம் திரும்பியதை அடுத்த கண்ணியில் அந்தப் பக்கம் திரும்பிச் சரிக்கட்டுகிறது என்று பிடித்துவிட்டாள். இந்த 12 வளைவு விஷயம் முக்கியம். சில செட்டுகளில் எட்டு வளைவுதான் கொடுப்பார்கள், அதில் வட்டத்தைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது.

என் மாமனார் ரயில்வேயில் கீமேனாக, அதாவது தண்டவாளத்தை நடந்தே சோதிப்பவராக, இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் ஓ.டி.யிலிருந்து (பழைய நகரம்) தண்டவாளம் ஓரமாகவே சுத்தியலோடு நடந்து வாழ்க்கையைக் கழித்தவர். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மீட்டர் இருந்த மீட்டர்கேஜ் காலத்து ஆள். விழுப்புரம்-மயிலாடுதுறை பாதை 2010-இல் அகலமான பிராட்கேஜாகத் திறந்தபோது "ஆயிரம் மில்லிமீட்டர் ஆயிரத்து அறுநூத்தி எழுபத்தாறு ஆயிடுச்சு, என் நடை மட்டும் அப்படியே" என்று சொன்னவர். மஞ்சக்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்தப் பொம்மையை முதலில் அலட்சியமாகத்தான் பார்த்தார், அப்புறம் ஒரு துண்டைக் கையில் எடுத்து முளையைத் துளையில் போட்டு ஆட்டிப் பார்த்தார். லேசாக ஆடியது. "ஏம்மா, இடம் விட்டிருக்கானே, விவரமான பயதான்" என்றார்.

அந்த ஆட்டம் வேண்டுமென்றே விட்டது. ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசைய இடம் இருப்பதால், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் பாதையைக்கூடச் சமாளித்து மூடிவிடலாம். அளவுக்கு மீறி இழுத்தால் இடைவெளி பெரிதாகி, அங்கே சரியாகப் பெட்டி கவிழும். தாத்தா பேத்திக்குச் சொன்ன விளக்கம் இது: பிராட்கேஜ் தண்டவாளம் ஒன்றின் வழக்கமான நீளம் 13 மீட்டர். விடியற்காலைக் குளிருக்கும் நடுமத்தியான வெயிலுக்கும் இரும்பின் சூடு 30 டிகிரி மாறினால் ஒரு தண்டவாளம் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். நீள இடம் விடாவிட்டால் பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். அதனால்தான் இடைவெளி விட்டு, இரண்டு தண்டவாளத்தையும் சேர்க்கும் ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டையைப் போட்டு போல்ட் முடுக்குவார்கள், பழைய ரயிலின் தடக் தடக் சத்தம் அந்த இடைவெளியில் சக்கரம் இறங்கி ஏறும் சத்தம். இப்போது பெரும்பாலும் வெல்டிங் வைத்து நீளமாக்கிவிட்டார்கள், நெளியாமல் இருக்க சிலீப்பரும் (அடியில் குறுக்கே போடும் கட்டை) ஜல்லியும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லி எதற்கு என்று அன்றுவரை நானும் யோசித்ததில்லை.

மழைக்காலத்தில் வேறு ஒரு பாடம் வந்தது. கோடையில் லொடலொடவென்று இருந்த முளைகள் கார்த்திகையில் துளைக்குள் போக மறுத்தன. போனால் வர மறுத்தன. கடற்கரை ஊரில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தது. பெரியவள் உடனே தாத்தாவுக்குப் போன் போட்டு, "தாத்தா, வெயிலே இல்லை, ஆனா பாதை பெருசாயிடுச்சு" என்றாள். இரும்பு சூட்டுக்கு நீளும், மரம் ஈரத்துக்கு ஊதும், அதுவும் நாரின் குறுக்கே ஊதும், நார் ஓடும் திசையில் அவ்வளவாக நீளாது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் துண்டின் நீளம் மாறின மாதிரியே தெரியவில்லை, முளை மட்டும் தடித்திருந்தது. தீர்வு எளிது, அரிசி டப்பாவில் இரண்டு மூன்று நாள் போட்டு வைத்தேன், பிடிவாதமான இரண்டு முளைகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். முளை பிளாஸ்டிக்கில் இருக்கும் செட்டுகளும் வருகின்றன, அவற்றில் இந்தத் தொல்லை இருக்காது, ஆனால் பிளாஸ்டிக் முளை ஒடிந்தால் துண்டே போச்சு.

இனி ஏற்றம் இறக்கம். இந்தச் செட்டின் ஏற்றத் துண்டு 21 செ.மீ. நீளத்துக்குள் 6 செ.மீ. உயரம் ஏறிவிடுகிறது, அதாவது ஏறக்குறைய 3.5-க்கு 1. சாதாரண ரயில் இப்படி ஏறவே ஏறாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலின் மிகச் செங்குத்தான ஏற்றமே 12.28-க்கு 1, அதற்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல் போட்ட இரும்புச் சட்டம் வைத்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்வி ஏறுகிறது. இதைக் கேட்டதும் சின்னவன் "நம்ம ரயில் ஊட்டி ரயிலைவிட கெட்டி" என்று முடிவு கட்டிவிட்டான், மறுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இறக்கத்தில் நாங்கள் செய்த சோதனைதான் இந்தச் செட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு தாங்கு கட்டை உயரத்திலிருந்து பெட்டியை விட்டால் தரையில் டைல்ஸ் மேல் எவ்வளவு தூரம் ஓடுகிறது, இரண்டு கட்டை உயரத்திலிருந்து விட்டால் எவ்வளவு என்று சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம். உயரம் இரட்டித்தால் தூரமும் ஏறக்குறைய இரட்டித்தது. சரி, இப்போது பெட்டியில் பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி விட்டால்? "கனமா இருந்தா ரொம்ப தூரம் போகும்" என்றாள் பெரியவள். "கனமா இருந்தா போகவே போகாது" என்றான் சின்னவன். விட்டுப் பார்த்தால் கோடு பழைய கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டு பேருக்கும் கோபம். திரும்பத் திரும்ப விட்டார்கள், நாணயத்தை ஏற்றினார்கள், இறக்கினார்கள், அதே கதைதான். கனம் கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடுகிறது, உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது, அதனால் தூரம் மாறுவதில்லை. புத்தகத்தில் இதைப் படித்திருந்தால் மனப்பாடம் செய்து மறந்திருப்பார்கள். பந்தயம் கட்டித் தோற்றதால் மறக்க மாட்டார்கள்.

கலீலியோ 1600-களின் தொடக்கத்தில் செய்ததும் கிட்டத்தட்ட இதே பொருளை வைத்துத்தான். நீளமான மரக்கட்டையில் பள்ளம் வெட்டி, வழவழப்பாக்கி, தோல்தாள் ஒட்டி, சாய்த்து வைத்து வெண்கலக் குண்டை உருட்டினார். நேரத்தை அளக்கக் கைக்கடிகாரமா இருந்தது? பாத்திரத்திலிருந்து மெல்லிய ஒழுக்காகத் தண்ணீரைப் பிடித்து, அதை எடை போட்டு நேரத்தைக் கணக்கிட்டார். இதைச் சொன்ன அன்று மாலை என் வீட்டுக் கூடத்தில் இரண்டு டம்ளரும் ஒரு துணி மாப்பும் தேவைப்பட்டன.

இறக்கம் முடிந்த இடத்திலேயே வளைவைப் பூட்டினால் ரயில் ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கமாகக் கவிழும். வேகத்தில் வருகிற வண்டி நேராகவே போகப் பார்க்கிறது, பாதைதான் அதைத் திருப்ப வேண்டும், இந்தப் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை. நடுவில் ஒரு நேர்த் துண்டாவது வையுங்கள்.

சக்கரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பொம்மையும் நிஜமும் பிரிகின்றன. எட்டு வளைவு வட்டத்தில் உள்பள்ளத்தின் மேல் பூ கட்டும் நூலை வைத்துச் சுற்றி அளந்தோம், பிறகு வெளிப்பள்ளத்தின் மேல் சுற்றி அளந்தோம். நூல் நழுவும், ஒருவர் விரலால் அழுத்திக்கொண்டே வர வேண்டும், சின்னவனுக்கு அந்த வேலை. இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்து நீட்டினால் வெளிநூல் 16 செ.மீ. போல அதிகம். அப்புறம் நடுநடுவே நேர்த் துண்டு போட்டுப் பாதையை நீளமாக்கி அளந்தோம், அப்போதும் வித்தியாசம் அதே 16-ஐ ஒட்டித்தான். சுற்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, இரண்டு தடத்துக்கும் நடுவில் உள்ள அகலத்தை 6.28-ஆல் (பை-யின் இரண்டு மடங்கு) பெருக்கினால் வருவதுதான் வித்தியாசம். பிராட்கேஜில் ஒரு முழு வட்டம் போட்டால் வெளித் தண்டவாளம் பத்தரை மீட்டர் நீளம் கூடுதல், வட்டம் கடலூர் அளவு இருந்தாலும் தமிழ்நாடு அளவு இருந்தாலும் அதே பத்தரை.

அப்படியானால் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். பொம்மையில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுற்றுகிறது, பிரச்சினை இல்லை. நிஜ ரயிலில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டியவை, சேர்ந்துதான் சுற்றும். எப்படித் திரும்புகிறது? மாமனாரே ஒரு நிமிஷம் யோசித்தார், பிறகு "சக்கரம் தட்டையா இருக்காதும்மா, வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கும்" என்றார். அதேதான். வளைவில் வண்டி வெளிப்பக்கம் நகரும்போது வெளிச்சக்கரத்தின் பருத்த பகுதி தண்டவாளத்தில் ஏறுகிறது, உள்சக்கரத்தின் சிறுத்த பகுதி இறங்குகிறது. பருத்தது ஒரே சுற்றில் அதிக தூரம் ஓடும், வண்டி தானே திரும்பும். வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு டீ பேப்பர் கப்பை வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டி, இரண்டு திரைச்சீலைக் கம்பிகளைச் சாய்வாக வைத்து அவற்றின் மேல் உருட்டுங்கள், கோணலாக விட்டாலும் நெளிந்து நெளிந்து நடுவுக்கு வந்துவிடும். அடியோடு அடி ஒட்டி உருட்டினால் உடனே விழும். இந்தச் செட்டில் இதைக் காட்ட வழியில்லை என்பது ஒரு குறைதான், ஆனால் எந்தப் பொம்மை ரயிலிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

காந்தம். எதிர் முனை ஒட்டும், ஒத்த முனை தள்ளும், இது ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிஷ ஆச்சரியம் என்றுதான் நினைத்தேன். ஆனால் புதுச்சேரி ஸ்டேஷன் அதை நீட்டிவிட்டது. எங்கள் ஊர் ஸ்டேஷன் முட்டுச்சந்து, விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாக வரும் பாதை இங்கே முடிந்துவிடுகிறது, 1879-இல் போட்டதிலிருந்து அப்படித்தான். வந்த ரயில் திரும்பிப் போக வேண்டுமென்றால் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தில் விட்டு, மறுமுனையில் கொண்டுவந்து மாட்ட வேண்டும். பிரியும் துண்டு இரண்டையும் வைத்துப் பிள்ளைகள் இதைக் கட்டினார்கள், கட்டுவதற்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது, ஏனென்றால் பிரியும் துண்டுகளில் எந்தப் பக்கம் முளை எந்தப் பக்கம் துளை என்று பார்த்து வைக்காவிட்டால் கடைசி இணைப்பில் முளையும் முளையும் முட்டி நிற்கும். கட்டி முடித்து எஞ்சினைச் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் விட்டால் ஒட்டியது. சின்னவனுக்கு எஞ்சின் முகம் முன்னால் பார்க்க வேண்டும், எனவே அதைத் தூக்கித் திருப்பி வைத்தான், தள்ளிவிட்டது. திருப்பாமல் கொண்டுவந்தால் ஒட்டுகிறது, திருப்பினால் ஒட்ட மறுக்கிறது. ஏன் என்று பெட்டியின் அடியில் எந்தப் பக்கம் எந்த முனை என்று பேனாவால் குறித்துக் குறித்துக் கண்டுபிடித்தார்கள். நிஜ மின்சார எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் ஓட்டுநர் அறை உண்டு, அதையும் திருப்ப வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகுதான் சின்னவன் சமாதானமானான். ஒரு மாலை சுப்பையா சாலைப் பக்கம் போனபோது ஸ்டேஷனுக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன், பிளாட்பாரம் டிக்கெட்டுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது.

இனி அந்த 650 ரூபாய் பேட்டரி எஞ்சின். வேண்டாம் என்றே சொல்வேன், குறைந்தது முதல் சில மாதங்களுக்கு. அது வந்ததும் பிள்ளைகள் கட்டுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். அதோடு மூன்று பெட்டியை இழுத்துக்கொண்டு பாலம் ஏற அதனால் முடியவில்லை, சக்கரம் ஒரே இடத்தில் சுற்றியது. நியாயமாகப் பார்த்தால் இது விற்றவரின் குறை, அட்டைப் படத்தில் ஏறுகிற மாதிரி போட்டிருக்கிறார்களே. ஆனால் அந்தக் குறையிலிருந்தும் ஏதோ கிடைத்தது. பாதையை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டால் கொஞ்சம் ஏறியது, எஞ்சின் மேல் நாணயங்களை ரப்பர் பேண்டால் கட்டினால் இன்னும் ஏறியது, பின்சக்கரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் போட்டதும் முழுதாக ஏறிவிட்டது. இறக்கத்தில் கனம் பிரயோஜனமில்லை, ஏற்றத்தில் எஞ்சினின் கனம் பிடிமானம் தருகிறது என்பதைப் பெரியவள் தானே சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். நிஜ எஞ்சினில் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள், அதற்கென்றே எஞ்சினில் மணல் பெட்டி இருக்கும். இதைச் சின்னவனிடம் சொல்லாதீர்கள் என்று மாமனாரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் எஞ்சின் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், சாதா பேட்டரி 1.5 வோல்ட், அது 1.2, பழுதென்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பிரித்துப் பார்த்தபோது இரண்டு தாங்கு கட்டைகள் குறைவாக இருந்தன. கடையில் போய்க் கேட்டால் "பெட்டி சீல் போட்டு வருது மேடம், நாங்க என்ன பண்றது" என்று முதலில் கையை விரித்தார்கள், கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு வேறு செட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், வாங்கிய யாரோ ஒருவருக்கு இப்போது அங்கே இரண்டு குறைந்திருக்கும். ஒரு பெட்டியின் காந்தம் கழன்று வந்தது. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிற வீடென்றால் இது விளையாட்டு விஷயமில்லை, ஒன்றுக்கு மேல் காந்தத்தை விழுங்கினால் குடலில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பெரிய ஆபத்தாகிவிடும். நான் பசை போட்டு ஒட்டவில்லை, அந்தப் பெட்டியையே எடுத்துப் போட்டுவிட்டேன். வாரம் ஒருமுறை எல்லாக் காந்தங்களையும் இழுத்துப் பார்ப்பது நல்லது. லெவல் கிராசிங் கேட் சீக்கிரமே ஒடிந்தது, யாரும் அதைத் தேடவில்லை.

பிளாஸ்டிக் செட்டா மரச் செட்டா என்று கேட்டால், பிளாஸ்டிக்கிலும் வளைவும் நேரும் பிரிவும் தாராளமாகக் கொடுக்கும் செட்டுகள் உண்டு, அவை இருந்தால் தாராளமாக வாங்கலாம், மரம் என்பதற்காக ஒரு புனிதம் ஒன்றுமில்லை. எடை குறைவு, ஈரத்துக்கு ஊதாது, விலையும் குறைவு. மரத்தில் ஒரே வசதி, துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் போடலாம், இரண்டு முகத்திலும் பள்ளம் இருக்கும், அதனால் ஒரே வளைவு இடத்துக்கும் ஆகும் வலத்துக்கும் ஆகும். வாங்குமுன் இதைக் கேட்டு உறுதி செய்யுங்கள், ஒரு முகத்தில் மட்டும் பள்ளம் வெட்டிய மலிவுச் செட்டுகளும் இருக்கின்றன. மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் பார்த்தவற்றில் அப்படி இருந்தன, விலை பாதிதான், ஆனால் அதை வைத்து நெளி பாதை கட்ட முடியாது.

எந்த வயதுக்கு? ஐந்து வயதில் பாலமும் காந்தமும் கவிழ்ப்பதும், எட்டில் கணக்கு. மூன்று வயதில் வாங்கினால் பெரியவர்கள்தான் கட்டித்தர வேண்டியிருக்கும், அது ஒன்றும் தப்பில்லை, பெரியவர்களுக்கும் ஆசை இருக்கிறதே.

650 ரூபாயை எஞ்சினில் போடாமல் தனித் துண்டுகளாக வாங்கியிருந்தால் இன்னும் நாலு வளைவும் ஒரு கிராசிங்கும் வந்திருக்கும் என்று கடைக்காரரே பிறகு விலை சொன்னார். தனித் துண்டுகள் வெளியே அடுக்கியிருக்காது, கேட்டால் உள்ளேயிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வருவார்கள். வீட்டிலிருந்து ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், அங்கேயே பூட்டிப் பார்த்து வாங்கலாம், துளை இறுக்கமாக இருந்தால் அதை வைத்துவிட்டு வேறு எடுங்கள். மதியம் ஒரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு நாலு மணிக்கு மேல்தான் திறக்கிறார்கள், கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.